தொடும் கையும் கற்ற நெறியும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

உடல் நொந்த ஒருவர் தம் உடலை மற்றொருவர் கையில் ஒப்படைக்கிறார். எலும்பு எங்கே, நரம்பு எங்கே, எவ்வளவு அழுத்தலாம் என்பவற்றை அந்தக் கை அறிந்திருக்கும் என்ற நம்பிக்கையே அவ்வாறு ஒப்படைக்கச் செய்கிறது. அந்த நம்பிக்கைக்குத் தகுதி பெறுவது எவ்வாறு? வீட்டு வழக்கமாகத் தொடங்கிய ‘பிடித்துவிடும்’ கலை, மருத்துவமாக வளர்ந்து, தொழிற்கல்வியாகவும் தொழில்நெறியாகவும் உருப்பெற்று வருவதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மண்ணைத் தொடும் கை

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த விருத்தாசலம், பழமலை என்றும் திருமுதுகுன்றம் என்றும் வழங்கப்பெற்ற பழம்பதி ஆகும். கோவிலால் புகழ்பெற்ற இவ்வூருக்குப் பீங்கான் நகரம் என்னும் பெயரும் உண்டு. இங்குள்ள பீங்கான் தொழிற்பேட்டையில் அகல்விளக்குகள், பொம்மைகள், மின்சாரப் பியூஸ் கட்டைகள் முதலிய பொருள்கள் உருவாகின்றன. பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப்படிப்பு வழங்கும் அரசுக் கல்வி நிறுவனமும் இவ்வூரில் உள்ளது.

வெண்களிமண்ணை அரைத்துச் சலித்துக் குழம்பாக்கிப் பாரிஸ் சாந்து அச்சில் வார்ப்பது எளிய வேலைபோலத் தோன்றும். ஆயினும் முழுவதும் உலராத பொருளைச் சூளையில் இட்டால் அது பிளந்துவிடும். சூட்டை விரைந்து ஏற்றினாலும் விரைந்து தணித்தாலும் விரிசல் காணும். மின்கம்பத்தில் ஏறவேண்டிய பீங்கான் மின்காப்பி, மின்னழுத்தச் சோதனையில் தேறிய பின்னரே தொழிற்சாலையை விட்டு வெளியேறும். தலைமுறை தலைமுறையாகக் கையோடு வந்த மண்வினை, இன்று பாடத்திட்டமும் தேர்வும் தர அளவும் கொண்ட தொழிற்கல்வியாக வளர்ந்துள்ளது. அதனால் கைத்திறன் குறைந்துவிடவில்லை. கை அறிந்திருந்தவற்றின் காரணங்களும் விளங்கின.

இத்தகைய பட்டறைகளில் நாள் முழுதும் குனிந்தும் நின்றும் வேலை செய்வோருக்குத் தோள்வலியும் இடுப்புப் பிடிப்பும் வருவது இயல்பு. அவர்கள் மாலையில் யாரேனும் ஒருவரிடம் சென்று உடலைப் பிடித்துவிடச் சொல்வதும் இயல்பே. மண்ணைத் தொடும் கைக்கு இத்தனை கல்வியும் சோதனையும் வகுத்துள்ள சமூகம், மனித உடலைத் தொடும் கைக்கு என்ன வகுத்துள்ளது என்னும் வினா இங்கே எழுகிறது. பிளந்த விளக்குக்கு மாற்றாக இன்னொன்றை வார்த்துக்கொள்ளலாம். முறிந்த கழுத்துக்கு மாற்றில்லை.

தமிழர் வாழ்வில் தொக்கணம்

உடலைப் பிடித்தும் அழுத்தியும் தட்டியும் நோய் நீக்கும் முறையைச் சித்த மருத்துவம் ‘தொக்கணம்’ என்று குறிப்பிடுகிறது. பிறந்த குழந்தைக்கு எண்ணெய் தடவி நீராட்டுதல், மகப்பேற்றுக்குப் பின் தாயின் இடுப்பை உருவிவிடுதல், வாரந்தோறும் எண்ணெய்க் குளியல், சிலம்பம், மற்போர் ஆகியன பயில்வோர் பயிற்சிக்குப் பின் உடலைப் பிடித்துவிடுதல், சுளுக்கு எடுத்தல் என இக்கலை தமிழர் வாழ்வோடு கலந்துள்ளது.

சித்த மருத்துவம் மருந்துகளை அகமருந்து 32, புறமருந்து 32 எனப் பகுக்கிறது. பற்று, ஒற்றடம், வேது, பொட்டணம் ஆகியவற்றோடு தொக்கணமும் புறமருந்துகளுள் வைத்து எண்ணப்படுகிறது. மருந்து என்னும் பகுப்பில் அதைச் சேர்த்ததிலிருந்தே முன்னோர் அதற்குத் தந்த மதிப்பை உணரலாம். மருந்துக்கு அளவும் காலமும் உண்டு. தவறினால் தீங்கும் உண்டு. தொக்கணத்திற்கும் இவை யாவும் பொருந்தும்.

தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் எனத் தொக்கணம் ஒன்பது வகைப்படும். இப்பெயர்கள் யாவும் நாள்தோறும் வழங்கும் எளிய வினைச்சொற்களின் அடியாகப் பிறந்தவை. தசைப்பகுதியைத் தட்டுவதும் மூட்டை அசைப்பதும் வெவ்வேறு விளைவு தருவன. எந்த நோயாளிக்கு, எந்த உறுப்பில், எந்த வகையை, எவ்வளவு நேரம் செய்வது என முடிவு செய்வதே மருத்துவ அறிவு. வளி, அழல், ஐயம் என்னும் மூன்றனுள் வளி மிகுதியால் தோன்றும் வலி, பிடிப்பு, முடக்கம் ஆகியவற்றிற்கே தொக்கணம் பெரிதும் பரிந்துரைக்கப்படுகிறது. உளுந்துத் தைலம், வாதகேசரித் தைலம் போன்றவை நோய்க்கேற்பப் பயன்படுகின்றன.

> தெரியுமா?
> குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை முறையாக வருடிவிடுவது குறித்து அமெரிக்க உளவியலறிஞர் டிஃபனி ஃபீல்டும் அவர்தம் குழுவினரும் மேற்கொண்ட ஆய்வு 1986ஆம் ஆண்டு வெளிவந்தது. நாளொன்றுக்கு மூன்று முறை, முறைக்கு 15 நிமிடம் என 10 நாள்கள் வருடப்பெற்ற குழந்தைகள், ஏனைய குழந்தைகளைவிட 47 விழுக்காடு கூடுதலாக எடை பெற்றன.

ஆசானும் மாணவரும்

தொக்கணத்தோடு நெருங்கிய உறவுடையது வர்ம மருத்துவம். கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பகுதிகளில் ஆசான்கள் இதனைப் போற்றி வளர்த்தனர். உடலில் உயிராற்றல் தங்கும் இடங்களாகக் கருதப்படும் வர்மப் புள்ளிகள் 108 என்பர். அவற்றுள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அடிபட்டால் பெருந்தீங்கு விளைவிக்கும் இடமே, அளவறிந்து தூண்டினால் நோய் தீர்க்கும் இடமாகவும் அமையும் என்பது வர்ம நூலாரின் கொள்கை.

இத்தகைய அறிவு தகுதியற்றவர் கையில் சேர்ந்தால் கேடு விளையும் என ஆசான்கள் அஞ்சினர். ஆகவே, மாணவரின் பொறுமையையும் ஒழுக்கத்தையும் நெடுங்காலம் நோக்கிய பின்னரே நுட்பங்களைக் கற்பித்தனர். வர்மத்தால் நேர்ந்த பாதிப்பை நீக்கும் இளக்குமுறையைக் கற்பது பயிற்சியின் இன்றியமையாத பகுதியாக இருந்தது. இன்று தொழில்நெறி எனப்படுவதன் தொன்மையான வடிவம் இதுவே எனலாம்.

இம்முறைக்குக் குறையும் உண்டு. மறைபொருளாகக் காக்கப்பட்ட அறிவைப் பிறர் சோதித்துப் பார்க்க இயலவில்லை. தக்க மாணவர் வாய்க்காதபோது ஆசானோடு கலையும் மறைந்தது. கற்றவர் யார், கற்றவர்போல் நடிப்பவர் யார் எனப் பொதுமக்கள் பிரித்தறியவும் வழியில்லாமல் போயிற்று. ஆசானின் நற்சொல்லுக்கு அவரை அறிந்த ஊரில் மதிப்பு இருந்தது. அவரை அறியாத ஊரில் அச்சொல்லைச் சரிபார்க்க இயலாது.

தொடாமை அறிதல்

பிடித்துவிடுவதில் என்ன தீங்கு வந்துவிடும் என எண்ணுவோர் பலர். எங்கே அழுத்துவது என்பதைக் கற்பதற்கு முன்னர், எங்கே, எப்போது தொடக்கூடாது என்பதைக் கற்பதே இத்தொழிற்கல்வியின் முதற்பாடம். சில சான்றுகள் இதனைத் தெளிவாக்கும்.

நெடுநாள் படுக்கையில் இருந்த ஒருவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி, வெதுவெதுப்பாகி, கெண்டைக்காலில் வலி எடுக்கிறது. பார்ப்பவருக்கு அது வெறும் தசைவலியாகத் தோன்றலாம். ஆனால் காலின் ஆழ்சிரையில் குருதி உறைந்ததன் அறிகுறியாகவும் அது இருக்கக்கூடும். அந்நிலையில் காலை அழுத்தி உருவினால், உறைகட்டி பெயர்ந்து சென்று நுரையீரலின் குருதிக்குழாயை அடைத்து உயிருக்கே ஊறு செய்யலாம். பயிற்சி பெற்றவர் அக்காலைத் தொடமாட்டார். நோயாளியை உடனே மருத்துவமனைக்கு அனுப்புவார்.

கால் இடறிக் கணுக்கால் வீங்கியவருக்குச் சுளுக்கு என்று கருதி இழுத்துவிடுவது வழக்கம். அது எலும்பு முறிவாக இருந்தால், இழுப்பதால் முறிவு மேலும் விலகும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவருக்குச் சூடான ஒற்றடம் கொடுத்தால் சூடு தெரியாமல் தோல் வெந்துபோகும். அப்புண் எளிதில் ஆறாது. காய்ச்சல், தோல் தொற்று, திறந்த புண் ஆகியன உள்ளபோதும் தொக்கணம் தவிர்க்கப்பட வேண்டும்.

முடிதிருத்தகங்களில் கழுத்தைச் சட்டெனத் திருப்பி நெட்டி முறிப்பதைப் பலர் விரும்பிக் கேட்பதுண்டு. கழுத்தெலும்புகளின் வழியே மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் தமனிகள் செல்கின்றன. கழுத்தைத் திடீரெனத் திருப்பியதால் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் நேர்ந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. குழந்தையை நீராட்டும்போது மூக்கில் எண்ணெய் விடும் வழக்கமும் இத்தகையதே. அவ்வெண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் கடும் நுரையீரல் அழற்சி உண்டாகும். அன்போடு செய்யப்படுவதாலேயே ஒரு செயல் தீங்கற்றதாகிவிடாது.

இலண்டன் காட்டிய வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் இத்தொழில் நெருக்கடிக்கு உள்ளாயிற்று. மருத்துவர் பரிந்துரையின்பேரில் உடலைப் பிடித்துவிடும் சிகிச்சை அங்கே பரவியிருந்தது. அதே பெயரில் ஒழுக்கக்கேடான விடுதிகளும் பெருகின. அவற்றை ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ என்னும் மருத்துவ இதழ் கண்டித்து எழுதியது. நேர்மையாகத் தொழில் செய்த பெண்களின் மீதும் ஐயத்தின் நிழல் படிந்தது.

அந்நிலையில் லூசி ராபின்சன், ரோசலிண்ட் பேஜெட், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பால்மர் என்னும் நான்கு பெண்கள் 1894ஆம் ஆண்டு பயிற்சி பெற்ற பெண் தொக்கணப் பணியாளர் சங்கத்தை நிறுவினர். செவிலியர் பணியிலும் மகப்பேற்றுப் பணியிலும் பழகிய அவர்கள், பழிச்சொல்லுக்கு அஞ்சித் தொழிலைக் கைவிடவில்லை. தமக்குத் தாமே விதிகளை வகுத்துக்கொண்டனர். மருத்துவரின் அறிவுறுத்தல் இன்றிச் சிகிச்சை செய்யக்கூடாது; மருத்துவ இதழ்கள் தவிரப் பிறவற்றில் விளம்பரம் செய்யக்கூடாது; நோயாளிக்கு மருந்து விற்கக்கூடாது என்பன அவற்றுள் சில. உடற்கூறு அறிவிலும் செய்முறையிலும் தேர்வு நடத்தித் தேறியவர்க்கே சான்றிதழ் வழங்கினர்.

முதல் உலகப்போரில் காயமுற்ற வீரர்களின் மறுவாழ்வுக்கு இப்பயிற்சி பெற்றோர் பெருந்துணை புரிந்தனர். 1920ஆம் ஆண்டு அச்சங்கம் அரச சாசனம் பெற்றது. 1944இல் இயன்முறை மருத்துவச் சங்கமாகப் பெயர் மாற்றம் பெற்றது. இன்று உலகெங்கும் மதிக்கப்படும் இயன்முறை மருத்துவத் துறையின் வேர்களுள் ஒன்று, அந்நால்வர் எழுதிய விதிகளில் உள்ளது. அவ்விதிகள் நோயாளியைக் காத்தன. பணியாளரின் மானத்தையும் காத்தன.

கிழக்கின் இரு சான்றுகள்

ஜப்பானில் ‘அன்மா’ என்னும் தொக்கண முறை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுகியாமா வாயிச்சி (1610–1694) பார்வையற்றவர். குத்தூசி மருத்துவத்தில் ஊசியைச் செலுத்த உதவும் வழிகாட்டுக் குழலை உருவாக்கியவராக அவர் போற்றப்படுகிறார். பார்வையற்றோருக்குக் குத்தூசி மருத்துவமும் தொக்கணமும் கற்பிக்கும் பள்ளியையும் அவர் நடத்தினார். பார்வையற்றோர் பலருக்கு அது கண்ணியமான பிழைப்பாயிற்று. 1947ஆம் ஆண்டுச் சட்டம் இத்தொழிலுக்கு உரிமம் வகுத்தது. இன்று அங்கே உரிமம் பெற விரும்புவோர் பள்ளிக் கல்விக்குப் பின் மூன்றாண்டுப் பயிற்சி முடித்து நாட்டளவிலான தேர்வில் தேற வேண்டும்.

தாய்லாந்தின் தலைநகர் பாங்காக்கில் உள்ள வாட் போ என்னும் பௌத்தக் கோவிலில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் இராமா மன்னர் மருத்துவ அறிவைப் படங்களோடு கல்லில் பொறிக்கச் செய்தார். உடலின் எவ்விடத்தை அழுத்தினால் எந்நோய் தணியும் என்பதை எவரும் வந்து படிக்கும்படி அவை சுவர்களில் பதிக்கப்பட்டன. நம் நாட்டு ஆசான் மறைத்துக் காத்தார். அந்நாட்டு மன்னர் வெளிப்படுத்திக் காத்தார். அக்கோவிலில் மரபு மருத்துவப் பள்ளி 1955ஆம் ஆண்டு தோன்றியது. உலக நலவாழ்வு நிறுவனம் 2010ஆம் ஆண்டு மரபு மருத்துவப் பயிற்சிகளுக்கான அளவுகோல்களை வெளியிட்டபோது, ஆயுர்வேதம், யுனானி முதலியவற்றோடு தாய்லாந்துத் தொக்கணத்திற்கும் தனி ஏடு வெளியிட்டது. 2019ஆம் ஆண்டு அக்கலை யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

தமிழகத்தில் கல்வி வளர்ந்த வகை

மருத்துவப் பணியைப் பகுத்து ஆள் அமர்த்தும் மரபு தமிழகத்திற்குப் புதிதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் உள்ள, வீரராசேந்திரனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை ஒன்றைக் குறிப்பிடுகிறது. மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர், நோயாளியைப் பேணும் பெண்டிர் ஆகியோருக்குத் தனித்தனியே ஊதியம் வரையறுக்கப்பட்டது. திருவள்ளுவரும் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பணி செய்பவரையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாக எண்ணுகிறார்.

ஆங்கிலேயர் ஆட்சியில் மேலை மருத்துவமே அரசின் ஆதரவைப் பெற்றது. உள்நாட்டு மருத்துவ முறைகளை ஆராயச் சென்னை மாகாண அரசு முகமது உஸ்மான் தலைமையில் அமைத்த குழு 1923ஆம் ஆண்டு அறிக்கை அளித்தது. அதனைத் தொடர்ந்து சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. விடுதலைக்குப் பின் 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. சென்னை அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா பெயரால் இந்திய மருத்துவமனை அமைந்தது. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்டது.

சித்த மருத்துவ இளநிலைப் பட்டப்படிப்பு, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி உட்பட ஐந்தரை ஆண்டுகள் கொண்டது. உடற்கூறியல், நோய்நாடல், குணபாடம் ஆகியவற்றோடு புறமருத்துவம், வர்மம், தொக்கணம் ஆகியனவும் அதில் கற்பிக்கப்படுகின்றன. யோகா, இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பிலும் உடலைப் பிடித்துவிடும் சிகிச்சை இடம்பெறுகிறது. மேல்நிலைக் கல்வி முடித்தோர் சேர்வதற்கு ஏற்ற பட்டயப்படிப்புகளையும் இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறை நடத்துகிறது. மருந்தாளுநர் பட்டயம் மருந்து செய்முறையைக் கற்பிக்கிறது. நர்சிங் தெரபி பட்டயம் தொக்கணம் போன்ற புறச் சிகிச்சைகளில் மருத்துவருக்குத் துணைநிற்கும் பணியாளரை உருவாக்குகிறது.

சட்டங்களும் இத்துறையை நெறிப்படுத்துகின்றன. 1970ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக, இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2020இல் இயற்றப்பட்டது. இயன்முறை மருத்துவர் உள்ளிட்ட துணைநிலை நலவாழ்வுப் பணியாளர்களின் கல்வியையும் பதிவையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் 2021இல் நிறைவேறியது. எந்த நோயையும் தீர்ப்போம் எனப் பொய்யுரைக்கும் விளம்பரங்களைக் கட்டுப்படுத்த 1954ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது.

தொழில்நெறிகள்

கல்வி கைக்குத் திறன் தரும். அத்திறனைப் பிறர் நம்புவதற்கு நெறி வேண்டும். தொக்கணப் பணியாளர் பின்பற்ற வேண்டிய நெறிகளைப் பின்வருமாறு தொகுத்துக் கூறலாம்.

1. கேட்டறிதல்: வலியின் தொடக்கம், பழைய நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள், அறுவை, கருவுற்ற நிலை ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொண்ட பின்னரே பணியைத் தொடங்குதல்.
2. இசைவு பெறுதல்: எந்த உறுப்பில், எவ்வாறு செய்யப்போகிறோம் என முன்னரே விளக்கி ஒப்புதல் பெறுதல். நோயாளி ‘போதும்’ என்றால் அக்கணமே நிறுத்துதல்.
3. மறைவும் மதிப்பும் காத்தல்: சிகிச்சைக்குரிய பகுதி தவிர ஏனையவற்றை ஆடையால் மூடுதல். விரும்புவோருக்குத் தம் பாலினத்தைச் சார்ந்த பணியாளரைப் பெறும் உரிமை தருதல். சிறுவர்க்குச் செய்யும்போது பெற்றோர் உடனிருத்தல்.
4. தூய்மை பேணுதல்: நகம் களைதல், கைகழுவுதல், ஒருவருக்கு விரித்த துணியைத் துவைக்காமல் மற்றவருக்கு விரிக்காமை.
5. எல்லை அறிதல்: தம்மால் தீராத நோயை மருத்துவரிடம் அனுப்புதல். மருந்தை நிறுத்தச் சொல்லாமை.
6. மறை காத்தல்: நோயாளியின் உடல்நிலை குறித்து அறிந்தவற்றைப் பிறரிடம் கூறாமை.

இந்நெறிகள் நோயாளிக்கு மட்டும் உரியவை அல்ல. முறையற்ற வேண்டுகோளை மறுக்கவும், மரியாதையின்றி நடத்துவோருக்குப் பணி செய்யாதிருக்கவும் பணியாளருக்கு உரிமை உண்டு.

மரபுக் கைகளின் நிலை

சான்றிதழ் கல்வி பரவும் இக்காலத்தில் ஏட்டுக் கல்வி பெறாத மரபுத் தொழிலாளரின் நிலை எண்ணிப் பார்க்கத்தக்கது. தமிழகத்தில் முடிதிருத்தும் தொழில் செய்த குடும்பத்தினர் ‘மருத்துவர்’ என்றே வழங்கப்பெற்றனர். அக்குடும்பப் பெண்கள் மருத்துவச்சியராகப் பேறு பார்த்தனர். பிறர் உடலைத் தொட்டுச் செய்யும் பணியைத் தாழ்வாகக் கருதிய சாதி வழக்கம், அப்பணியாளரோடு அவர்தம் அறிவையும் தாழ்த்தியது. கல்வி நிலையங்கள் தோன்றியபோது, அவற்றுள் நுழையத் தேவையான எழுத்தறிவும் பொருள்வளமும் அவர்களுள் பலருக்கு எட்டவில்லை. பல்லாண்டுகள் பிறர் நோவைத் தணித்த ஒருவரை, தாள் ஒன்று கையில் இல்லாமையால் போலி என ஒதுக்குவது நீதியன்று.

மரபு என்பதற்காகவே எல்லாவற்றையும் ஏற்பதும் பொருந்தாது. குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவதும் மரபாகவே தொடர்ந்தது. ஆதலால் மரபுக் கைகளைச் சோதித்து, சரியானதை ஏற்று, தீங்கானதைத் திருத்தி, சான்றளிப்பதே நடுநிலையான வழி. 2013இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு, ஒருவர் எங்கே கற்றார் என்பதைவிட என்ன அறிந்துள்ளார் என்பதை முதன்மையாகக் கொள்கிறது. முன்கற்ற திறனை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் முறைக்கு அது இடம் தருகிறது. முதியவரின் கையறிவும் இளைஞரின் உடற்கூறு அறிவும் ஒரே வகுப்பறையில் சந்திக்குமானால், இருவரும் ஆசிரியர், இருவரும் மாணவர்.

நிறைவுரை

விருத்தாசலத்துப் பட்டறையில் உருவாகும் பியூஸ் கட்டையை வாங்கும் இல்லத்தார், அதைச் செய்தவரை அறியார். ஆயினும் சோதனையில் தேறியது என நம்பி மின்சாரத்தை அதன்வழிச் செல்ல விடுகின்றனர். தோள்வலியோடு செல்லும் தொழிலாளியும் அத்தகைய நம்பிக்கைக்கு உரியவர். அவர் படுக்கையில் சாய்வதற்கு முன் ‘எங்கே கற்றீர்கள்?’ எனத் தயக்கமின்றிக் கேட்க வேண்டும். அவ்வினாவுக்குப் பணியாளர் நிமிர்ந்து விடையளிக்கும் நிலையும் உருவாக வேண்டும். மேல்நிலைக் கல்வி முடித்து வெளிவரும் மாணவருள் சிலர் இத்தொழிலைத் தேர்ந்தெடுத்து முறையாகக் கற்பாராயின் அந்நிலை விரைவில் கைகூடும்.

அருஞ்சொற்பொருள்

தொக்கணம் – உடலைப் பிடித்தும் அழுத்தியும் செய்யும் புறமருத்துவம்
வேது – ஆவி பிடித்தல்
பொட்டணம் – மருந்துப் பொருளைத் துணியில் முடிந்து ஒற்றுதல்
ஆதுலர்சாலை – மருத்துவமனை
இளக்குமுறை – வர்மப் பாதிப்பை நீக்கும் முறை
சாசனம் – ஆணைப் பட்டயம்

கற்பவை கற்றபின்

1. உம் ஊரில் சுளுக்கு எடுத்தல், எண்ணெய் தேய்த்தல் போன்ற பணி செய்யும் மூத்தவர் ஒருவரைச் சந்தித்து, அவர் எவரிடம் கற்றார், எந்நிலையில் தொடமறுப்பார் என்பவற்றைக் கேட்டு வகுப்பில் பகிர்க.
2. ‘மரபுத் தொழிலாளருக்குச் சான்றிதழ் கட்டாயமாக்கப்பட வேண்டும்’ என்னும் தலைப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து விவாதிக்க.
3. உம் பகுதியில் வழங்கும் கைத்தொழில் ஒன்றன் கலைச்சொற்கள் பத்தினைத் தொகுத்துப் பொருள் எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. தொக்கணத்தின் வகைகள்
அ) ஆறு  ஆ) ஒன்பது  இ) பன்னிரண்டு  ஈ) முப்பத்திரண்டு

2. மருத்துவ அறிவு படங்களோடு கல்லில் பொறிக்கப்பட்ட கோவில் அமைந்த நகரம்
அ) பாங்காக்  ஆ) இலண்டன்  இ) விருத்தாசலம்  ஈ) பாளையங்கோட்டை

குறுவினா

1. திருமுக்கூடல் கல்வெட்டு உணர்த்தும் செய்தி யாது?
2. வர்மம் பயில்வோர் இளக்குமுறையையும் கற்றது ஏன் எனக் கருதுகிறீர்?

சிறுவினா

1. 1894ஆம் ஆண்டுச் சங்கம் வகுத்த விதிகள் நோயாளியையும் பணியாளரையும் காத்தமையை விளக்குக.
2. அறிவை மறைத்துக் காத்தல், வெளிப்படுத்திக் காத்தல் ஆகிய இரண்டன் நன்மை தீமைகளை ஒப்பிடுக.

நெடுவினா

‘எங்கே தொடக்கூடாது என்று அறிவதே தொடும் கையின் முதற்கல்வி’ – பாடப்பகுதி கொண்டு நிறுவுக.